அப்பாவின் கண்ணைப் பற்றி ரத்தம் எவ்வளவு சொல்லும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. பீடி குடித்தவர், விட்டு 6 வருடம் ஆகிறது. நாலு மாதத்துக்கு முன்னால் பேப்பர் படிக்கும்போது நடுவில் எழுத்து மங்குகிறது என்றார். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, "வயசானதால் வருகிற மாக்குலா தேய்மானம், டிரை டைப், ட்ரூசன் படிந்திருக்கு, ஆறு மாதம் கழித்து வாங்க" என்றார். மனசு கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு லேப்பில் 'ஆன்டி-ஆக்சிடன்ட் ப்ரொஃபைல்' எடுத்தோம், 4,500 ரூபாய். எம்.டி.ஏ. அதிகம், எஸ்.ஓ.டி. குறைவு, மொத்த ஆன்டி-ஆக்சிடன்ட் திறன் குறைவு என்று மூன்றையும் சிவப்பில் அச்சடித்துக் கொடுத்தார்கள். கூடவே மாதம் 1,800 ரூபாய்க்கு ஒரு மாத்திரை. டப்பாவில் பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ, செலினியம், துத்தநாகம் என்று போட்டிருக்கிறது. மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அப்பா ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, "கண்ணு போயிடும் போல" என்கிறார். இந்த எண்களை நம்பலாமா? எனக்கு 41 வயது. நானும் இந்த டெஸ்ட் எடுக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒரு விஷயம். அந்த மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த முறை கண் டாக்டரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள். ஆனால் அப்பா இனி அதைச் சாப்பிட வேண்டாம்.

காரணம், அதில் இருக்கும் பீட்டா கரோட்டின். கேரட்டிலும் மாம்பழத்திலும் இருப்பதுதான். உணவில் வந்தால் ஒரு கெடுதலும் இல்லை. மாத்திரையாகச் செறிவாக, புகைபிடித்தவர் உடம்புக்குள் போகும்போதுதான் கதை மாறுகிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையோடுதான் தொடங்கினார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கும் இது பொருந்தும். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவில் வரும் இந்த நோய்க்காக அமெரிக்காவில் நடந்து 2013-ல் முடிவு வெளியான 'ஏரெட்ஸ் 2' ஆய்வில், நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பீடி, சிகரெட்டை ஏற்கெனவே விட்டவர்கள். அதனால் அப்பா விட்டு 6 வருடம் ஆகிவிட்டதே என்று இதை ஒதுக்க முடியாது. அதே சமயம், இதுவரை சாப்பிட்ட சில வாரங்களை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்தது இதுதான். சிவப்பில் அச்சான அந்த மூன்று எண்களால் அப்பாவுக்கு ஒரு தீங்கும் இல்லை. அவற்றைக் காட்டி விற்ற மாத்திரையில்தான் தீங்கு இருக்கிறது.

இனி அந்த எண்களுக்கு வருகிறேன். அவை அளக்கப் பார்ப்பது 'ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்', அதாவது ஆக்சிஜன் சம்பந்தப்பட்ட வேதிவினைகளால் திசுக்களுக்கு வரும் சேதம். அதுவே ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அது உண்மையான அறிவியல். நம் உடம்பில் எடைக்கு எடை பார்த்தால் ஆக்சிஜனை மிக அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் விழித்திரை ஒன்று. அதோடு வாழ்நாள் முழுக்க வெளிச்சம் வந்து விழுந்துகொண்டே இருக்கிற இடமும் அது. அங்கே இருக்கும் ஒளி உணரும் செல்கள், எளிதில் காறிப்போகும் வகைக் கொழுப்பு நிறைந்தவை. திறந்து வைத்த கடலை எண்ணெய் நாள்பட நாள்படச் சிக்கு வாடை அடிக்கிறதே, ஏறக்குறைய அதே வேதிவினைதான் அங்கும் நடக்கிறது. அந்தச் செல்கள் தினமும் தங்கள் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும். அதைத் தின்று சுத்தம் செய்ய விழித்திரைக்கு அடியில் ஒரு வரிசைச் செல்கள் இருக்கின்றன. வயதாக ஆக அந்தத் துப்புரவு வேலை தளர்ந்து, கழிவு அடியில் மஞ்சள் புள்ளிகளாகப் படிகிறது. டாக்டர் சொன்ன ட்ரூசன் அதுதான்.

எம்.டி.ஏ. எனப்படும் மாலோன்டைஆல்டிஹைடு, கொழுப்பு காறிப்போகும்போது உண்டாகிற ஒரு சிறு துண்டு. எஸ்.ஓ.டி. அந்தக் காறலை அடக்கும் நொதிகளில் ஒன்று. மாக்குலா தேய்மானம் உள்ளவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் ஒரு கூட்டம் என்று பிரித்து ரத்தம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில், நோய் உள்ள கூட்டத்தின் எம்.டி.ஏ. சராசரி கூடுதலாக வந்திருக்கிறது. இதுவும் உண்மை. ஆனால் அது கூட்டத்தின் சராசரி. ஒருவர் ஒருவராக எடுத்து வைத்தால் இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கண் நன்றாக இருப்பவருக்கு எண் கூடியிருக்கும், நோய் முற்றியவருக்குக் குறைந்திருக்கும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு 'இவருக்கு நோய் வரும், இவருக்கு வராது, இவருக்கு முற்றும்' என்று சொல்ல இன்று உலகத்தில் எந்தக் கண் மருத்துவராலும் முடியாது.

இதை நான் கையால் செய்து பார்த்தவள். மேற்படிப்புக் காலத்தில் ஆய்வேட்டுக்காக எம்.டி.ஏ. பரிசோதனையைப் பல மாதம் நானே செய்தேன். ரத்தச் சீரத்தில் ஒரு அமிலத்தைச் சேர்த்து, தயோபார்பிட்யூரிக் அமிலத்தையும் விட்டு, குழாய்களை வரிசையாகக் கொதிநீரில் நிறுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு குழாயும் ரோஸ் நிறமாக மாறும். பன்னீர் ரோஜா இதழ் மாதிரி வெளிறிய ரோஸ். நிறம் கூடினால் எம்.டி.ஏ. கூடுதல் என்று கணக்கு. மெஷினில் 532 நானோமீட்டர் ஒளியில் வைத்துப் படிப்போம். ஒருநாள் ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு குழாயில் எடுத்திருந்தோம். ஒன்றை உடனே ஐஸில் வைத்துச் சுற்றிப் பிரித்துவிட்டேன். இன்னொன்று மேஜையிலேயே நின்றுவிட்டது. நான் ஓ.பி. பார்த்துவிட்டு மத்தியானம் வந்து அதையும் செய்தேன். இரண்டும் இரண்டு பேருடைய ரத்தம் மாதிரி இருந்தது. மேஜையில் நின்ற குழாயின் ரோஸ், கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு அழுத்தம். எடுத்த ரத்தம் குழாய்க்குள் நின்றபடியே காறிக்கொண்டிருந்தது.

உங்கள் அப்பாவின் ரத்தம் எடுத்த இடத்திலிருந்து மெஷின் இருக்கும் இடத்துக்கு எப்படிப் போனது? ஐஸ் பெட்டியிலா, பைக்கில் தொங்கிய பையிலா? எத்தனை மணி நேரத்தில்? சர்க்கரை டெஸ்டுக்கே அதற்கென்று தனிக் குழாய் உண்டு, நேரக் கணக்கு உண்டு. எம்.டி.ஏ.வுக்கு அதைவிடப் பல மடங்கு கவனம் வேண்டும். போதாததற்கு அந்த ரோஸ் நிறம் எம்.டி.ஏ.வால் மட்டும் வருவதில்லை. ரத்தத்தில் இருக்கும் வேறு சில பொருள்களும் அதே நிறத்தைக் கொடுக்கும். ரத்தம் உறிஞ்சும்போது சிவப்பணுக்கள் உடைந்திருந்தாலும் எண் மாறும். ஒரு லேப்பின் 'நார்மல்' இன்னொரு லேப்பின் 'நார்மல்' கிடையாது. உலகத்துக்கே பொதுவான அளவுகோல் என்று ஒன்று இன்னும் அமையவில்லை.

மொத்த ஆன்டி-ஆக்சிடன்ட் திறன், அதாவது காறலை அடக்க ரத்தத்துக்கு இருக்கும் மொத்தச் சக்தி, என்ற எண்ணைப் பற்றி ஒன்று சொன்னால் உங்களுக்கே விளங்கிவிடும். அந்த எண்ணில் பெரும் பங்கு யூரிக் அமிலத்தினுடையது. மூட்டு வீங்கி நடக்க முடியாமல் கிடக்கிற கவுட் நோயாளிக்கும், சிறுநீரகம் தளர்ந்து யூரிக் அமிலம் ஏறியவருக்கும் இந்த 'திறன்' அருமையாக இருப்பதாக ரிப்போர்ட் வரும். அதைப் பார்த்து அவர் ஆரோக்கியமானவர் என்று சொல்வோமா?

எல்லாம் சரியாகவே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அப்பாவுக்கு 12 வருடச் சர்க்கரை. சர்க்கரை ஒன்றே எம்.டி.ஏ.வை ஏற்றப் போதும். பழைய பீடிப் பழக்கம், சளிக் காய்ச்சல், பல் ஈறு வீக்கம், ரத்தக் கொழுப்பு என்று ஏற்றுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. மாக்குலா என்பது கண்ணுக்குள் அரை சென்டிமீட்டர் அகலமே உள்ள ஓர் இடம். ரத்தம் 5 லிட்டர், உடம்பு முழுக்கச் சுற்றி வருவது. நாலு ஊர் வாய்க்கால் வந்து சேரும் கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் மொண்டு, எந்த வீட்டுக் கழிவு இதில் கலந்தது என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

அதனால் அப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். "அப்பா, இது உங்க கண்ணோட ரிப்போர்ட் இல்ல" என்று சொல்லுங்கள். இது உண்மை. அவர் சாப்பிட வேண்டும்.

அந்த எண்ணை மாத்திரையால் மாற்றினால் கண் பிழைக்குமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதற்கு நம் மண்ணிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். மாக்குலா நோய்க்கு அல்ல, வயதானவர்களுக்கு வரும் இன்னொரு கண் நோயான புரைக்கு. அங்கும் இதே ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ் வாதம்தான். புதுச்சேரி வட்டாரத்திலும் டெல்லிக்கு அருகிலும் 60 வயது தாண்டிய 5,600-க்கும் மேற்பட்டவர்களின் கண்ணையும் ரத்தத்தையும் பார்த்தார்கள். வைட்டமின் சி குறைவு வடக்கே 74 சதவீதம் பேருக்கு, தெற்கே 46 சதவீதம் பேருக்கு! புகையிலை போடுபவர்கள், விறகு அடுப்புப் புகையில் இருப்பவர்கள், உடல் மெலிந்தவர்களிடம் குறைவு அதிகம். ரத்தத்தில் வைட்டமின் சி கூடக் கூடப் புரை குறைவாக இருந்ததும் தெரிந்தது. இதை மட்டும் படித்தால் யாருக்கும் உடனே மாத்திரை வாங்கத் தோன்றும்.

ஆனால் மாத்திரையைக் கொடுத்தே பார்த்த ஆய்வும் ஒன்று உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர், சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் 798 பேரைச் சேர்த்துக்கொண்டு, பாதிப் பேருக்கு பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ கலந்த மாத்திரையும் பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரையும் 5 ஆண்டுகள் கொடுத்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் புரை ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தது. கொய்யாவும் கீரையும் காய்கறியும் சாப்பிட்டு, புகையில்லாமல் வாழ்ந்தவரின் ரத்தத்தில் வைட்டமின் சி கூடுதலாக இருக்கிறது. அந்த வாழ்க்கையின் ஓர் அடையாளம் அது. அடையாளத்தை மட்டும் மாத்திரையில் அடைத்து உள்ளே அனுப்பினால் அந்த வாழ்க்கையும் கூடவே வந்துவிடாது. நோயாளிகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் நம் கிராமத்து மக்கள் 5 வருடம் பொறுமையாக மாத்திரை விழுங்கித் தந்த பதில் இது என்ற எண்ணம் எனக்கு வரும். அதை வீணாக்கக் கூடாது.

மாக்குலா நோயில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே மாத்திரைக்கு ஓர் இடம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 2001-ல் வெளியான முதல் 'ஏரெட்ஸ்' ஆய்வில், நடுத்தர நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு கண்ணில் நோய் முற்றிவிட்டவர்களுக்கும் வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் கலந்த மாத்திரை பலன் தந்தது. மாத்திரை இல்லாத 100 பேரில் 5 ஆண்டில் 28 பேருக்கு நோய் முற்றியது. சாப்பிட்டவர்களில் 20 பேருக்கு. 100-ல் 8 பேர் தப்பினார்கள். இது பெரிய விஷயம். ஆனால் ஆரம்ப நிலையில் இருந்தவர்களுக்கு அதனால் லாபம் தெரியவில்லை. போன பார்வையையும் அது திருப்பித் தராது. பிறகு வந்த ஏரெட்ஸ் 2-ல் பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு, கீரையில் இருக்கும் சத்துகளான லூட்டீன் 10 மில்லிகிராம், ஜியாசாந்தின் 2 மில்லிகிராம் போட்டார்கள். பீடி குடித்தவருக்கு இதுதான் பாதுகாப்பானது. மீன் எண்ணெய் மாத்திரையையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். கூடுதல் பலன் இல்லை.

கவனியுங்கள்: யாருக்கு மாத்திரை என்று இந்த ஆய்வுகளில் முடிவு செய்தது ரத்தத்தை வைத்து அல்ல. கண்ணைத் திறந்து பார்த்து, ட்ரூசன் எவ்வளவு பெரிது, எத்தனை என்று பார்த்து. ஆகவே நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது, "அப்பாவுக்கு ஆரம்ப நிலையா, நடுத்தர நிலையா? இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரியா?" என்பது. நடுத்தரம் என்றால் பீட்டா கரோட்டின் இல்லாத மாத்திரையை அவரே எழுதித் தருவார். அப்போதும் அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்ததுண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லிவிடுங்கள். வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் எல்லாம் அந்த அளவில் மருந்துதான், சத்துணவு அல்ல.

அடுத்த டெஸ்டுக்கு ஒதுக்கிய 4,500 ரூபாயை ஓசிடி ஸ்கேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது. தாடையை ஒரு பட்டையில் வைத்து விளக்கைப் பார்த்தால் போதும். விழித்திரையை அடுக்கடுக்காக வெட்டி வைத்த மாதிரி படம் வரும். அடியில் நீர் கோத்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். 12 வருடச் சர்க்கரைக்கும் விழித்திரையை வருடா வருடம் பார்த்தே ஆக வேண்டும். பேப்பர் எழுத்து மங்குவதற்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம், புரையும் இருக்கலாம். எல்லாவற்றையும் மாக்குலா தலையில் போட்டுவிட வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை இருக்கிறது. இதைத் தவறவே விடாதீர்கள். அப்பா படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கட்டம் போட்ட கணக்கு நோட்டின் நடுவில் நீங்கள் வைத்த ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். பிறகு அடுத்த கண். கோடு எங்காவது வளைகிறதா, கட்டம் எங்காவது காணாமல் போகிறதா என்று கேளுங்கள். ஜன்னல் கம்பி, கதவு நிலை, பாத்ரூம் டைல்ஸ் இடைக்கோடு எதுவானாலும் சரி. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு கண்ணாகத் தனித்தனியே. இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். என்னிடம் தாமதமாக வருபவர்களில் பலர் தற்செயலாக ஒரு கண்ணைக் கசக்கும்போதுதான் கண்டுபிடித்தேன் என்பார்கள்.

நேற்று வரை நேராக இருந்த கம்பி இன்று நெளிந்து தெரிந்தால் ஆறு மாதக் கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே கிளம்புங்கள். டிரை டைப், வெட் டைப்பாக, அதாவது விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய் முளைத்து நீர் கசியும் வகையாக, மாறியதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். கண்ணுக்குள் ஊசி போட்டு அதைக் கட்டுப்படுத்த இன்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால் நாள் கடந்து தழும்பு விழுந்துவிட்டால் ஊசியால் ஆகக்கூடியது கொஞ்சம்தான்.

சாப்பாடு: முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி எது கிடைக்கிறதோ அது, தாளிப்பு எண்ணெயோடு. லூட்டீன் எண்ணெயில் கரைவது; எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கீரையில் பலன் குறைவு. முட்டை சாப்பிடுவார் என்றால் மஞ்சள் கருவில் இருக்கும் லூட்டீன் நன்றாகவே உடம்பில் சேரும். சர்க்கரை இருப்பதால் பழம் வேண்டாம் என்று சிலர் முழுக்க நிறுத்திவிடுகிறார்கள். அரைப் பழம் கொய்யா, அதிகம் பழுக்காததாகச் சாப்பிடலாம். நெல்லிக்காய்க்குத் தடையே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் கீரை அளவைத் திடீரென்று கூட்டாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பீடியை விட்டாரே, மாக்குலாவுக்கு அவர் செய்த மிகப் பெரிய வைத்தியம் அதுதான் என்று அவரிடம் சொல்லுங்கள். இந்த நோயில் நம் கையில் இருக்கும் காரணங்களில் புகைதான் முதலாவது.

உங்களுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். இந்த நோய் ரத்த உறவில் வருவதற்குச் சாத்தியம் கூடுதல் என்பது சரிதான். 2005-ல் இந்த நோய்க்கான சாத்தியத்தைக் கூட்டுகிற ஒரு மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். காறிய கொழுப்பிலிருந்து வரும் அதே எம்.டி.ஏ.வைப் பிடித்து அடக்குகிற ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களிடம் அந்தப் புரதத்துக்கு இந்தப் பிடிப்பு குறைவு என்று 2011-ல் தெரிந்தது. இந்தத் துறையில் வேலை செய்பவளாக எனக்கு அது மகிழ்ச்சி தந்த செய்தி; நாளைய மருந்து அந்த வழியில் வரலாம். ஆனால் உங்கள் ரத்தத்தில் இன்று எம்.டி.ஏ. எவ்வளவு என்று தெரிந்துகொண்டு நீங்களோ நானோ செய்யப்போவது ஒன்றும் இல்லை. 41 வயது, வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு எப்படியும் போவீர்கள். அப்போது சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள், அப்பாவுக்கு மாக்குலா நோய் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அப்பாவை அழைத்துப் போகும் அன்றே உங்கள் பேரையும் பதிந்துவிடலாம். அங்கே சொட்டு விட்டபின் சில மணி நேரம் இரண்டு பேருக்கும் கண் கூசும், எழுத்து தெரியாது. கூட ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போங்கள். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.